கேம் சந்தா விலையேற்றம்: சுங்கை சிப்புட் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் நாங்கள் நடத்துவது கைப்பேசிக் கடை. டாப் அப் போடுவோம், ஸ்கிரீன் மாற்றுவோம், பழைய பிசி வாங்கி விற்போம். மாதக் காசு கட்டி நிறைய கேம் விளையாடும் மைக்ரோசாஃப்ட் சந்தாவான எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸின் விலை 2025 அக்டோபரில் ஏறியதிலிருந்து கவுண்டரில் ஓயாத பேச்சு இதுதான். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வரும் தம்பிகள் ஒரு மாதிரி கேட்கிறார்கள், அவர்களுடைய அம்மா அப்பா வேறு மாதிரி கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கீழே டாலரில் சொல்லும் விலைகள் எல்லாம் அமெரிக்க விலைகள். உங்கள் கணக்கில் ரிங்கிட்டில் என்ன காட்டுகிறதோ அதுதான் நீங்கள் கட்டப்போகும் விலை. அது அடிக்கடி மாறும் என்பதால் பணம் கட்டும் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நிஜமாகவே எவ்வளவு ஏறியிருக்கிறது? சும்மா கத்துகிறார்களா?

சும்மா கத்தவில்லை தம்பி. கேம் பாஸின் உச்ச ரகமான அல்டிமேட் 2023 ஜூலைக்கு முன்பு மாதம் 14.99 டாலர். அந்த ஜூலையில் 16.99 ஆனது, 2024இல் 19.99 ஆனது, 2025 அக்டோபர் 1ஆம் தேதி ஒரே தாவலில் 29.99. இரண்டே கால் வருடத்தில் இரண்டு மடங்கு. பிசிக்கு மட்டுமான கேம் பாஸ் 9.99 டாலரிலிருந்து 11.99 ஆகி, அதே 2025 அக்டோபரில் 16.49 ஆனது.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கான சந்தா பிளேஸ்டேஷன் பிளஸ், 2023 செப்டம்பரில் ஏறியது. ஏறியது வருடச் சந்தா. குறைந்த ரகம் 59.99 டாலரிலிருந்து 79.99, உச்ச ரகம் 119.99இலிருந்து 159.99. அதற்கும் முன்பே, 2022 மே மாதம், ஈவ் ஆன்லைன் என்ற கேம் தன் மாதச் சந்தாவை 14.99இலிருந்து 19.99 ஆக்கிவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமின் சந்தா 2004இல் வந்தபோது மாதம் 14.99 டாலர், அமெரிக்காவில் இன்றும் அதே 14.99 டாலர். ஆனால் அதுவும் நமக்கு அதே விலையாக இருக்கவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஏறினால் நமக்கு ஏன் ஏற வேண்டும்? நமக்குத்தான் ரிங்கிட்டில் தனி விலை இருக்கிறதே?

தனி விலை என்பது நிறுவனம் தரும் சலுகை. நமக்கு உரிமை என்று அதில் எதுவும் எழுதிவைக்கவில்லை. அதனால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அரிசிக்கு வாங்கிய விலை என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே விற்றால் கடைக்காரருக்கு நட்டம். கேமுக்கு அப்படி இல்லை. ஒரு முறை செய்து முடித்த பிறகு இன்னும் ஓர் ஆளுக்குக் கொடுப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதனால் பணக்கார நாட்டில் கூடுதலாகவும், வருமானம் குறைந்த நாட்டில் குறைவாகவும் விற்றால் இரண்டு பக்கமும் லாபம்தான். அமெரிக்க விலையையே இங்கே வைத்தால் பாதிப் பேர் திருட்டுப் பிரதிக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் வாங்கவே மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளம் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பரிந்துரை விலைப் பட்டியல் வைத்திருக்கிறது. கேம் செய்தவர் அதைப் பின்பற்றலாம், பின்பற்றாமலும் போகலாம். அதனால்தான் ஒரே தளத்தில் ஒரு கேம் நமக்கு மலிவாகவும் இன்னொன்று சிங்கப்பூர் விலையிலும் இருக்கிறது.

2022 அக்டோபரில் ஸ்டீம் அந்தப் பட்டியலைத் திருத்தியது. பல நாடுகளுக்குப் பரிந்துரை விலை ஏறியது, அர்ஜென்டினாவுக்கும் துருக்கிக்கும் பல மடங்கு ஏறியது. அதோடு விடவில்லை. 2023 நவம்பர் 20 முதல் அந்த இரண்டு நாடுகளுக்கும் பெசோ, லிரா விலையையே எடுத்துவிட்டு டாலரில் காட்டத் தொடங்கினார்கள். அங்கே நாணயம் வாராவாரம் சரிந்துகொண்டிருந்தது ஒரு காரணம். வெளிநாட்டுக்காரர்கள் அந்த நாட்டுக் கணக்கு திறந்து மலிவாக வாங்கியது இன்னொரு காரணம் என்று விளையாடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆக, நம் விலை ஏறுவதற்கு வழி பல. தலைமையகத்தில் அடிப்படை விலையை ஏற்றலாம், ரிங்கிட் இறங்கலாம், நம் நாட்டு விலையை வெளியார் வந்து மொய்க்கலாம், அரசாங்கம் வரி கூட்டலாம். இதில் ஒன்று நடந்தாலே போதும்.

கேம் பாஸ் மட்டும் ஏன் இவ்வளவு ஏறியது?

மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணம், உள்ளே கூடுதலாகத் தருகிறோம் என்பது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பழைய கேம்களும் ஃபோர்ட்நைட் கேமின் சந்தாவும் அல்டிமேட்டில் சேர்ந்தன. கால் ஆஃப் டியூட்டி கேமை வைத்திருக்கும் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 2023 அக்டோபரில் அவர்கள் வாங்கி முடித்தார்கள், ஏறக்குறைய 6,900 கோடி டாலர். தனியாக 70 டாலருக்கு விற்கும் கேமை வெளிவந்த அன்றே சந்தாவில் கொடுத்தால் அந்த 70 டாலர் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஃபோர்ட்நைட்டையே தொடாத பையன் எதற்கு அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்வி. ஆனால் ‘எனக்கு அது வேண்டாம், விலையைக் குறை’ என்று சொல்லும் பொத்தான் அந்தப் பக்கத்தில் இல்லை. கீழ் ரகத்துக்கு இறங்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் நாட்டுக்கு 2022இல் முறைப்படி வந்தது பிசி கேம் பாஸ். டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் வைத்திருக்கும் பல பேர் சிங்கப்பூர் கணக்கிலோ அமெரிக்கக் கணக்கிலோ அல்டிமேட் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசிய விலை என்ற பேச்சே கிடையாது, ஏற்றம் முழுதாக விழும்.

ரிங்கிட் இறங்கினால் நமக்கு என்ன? நாம் டாலரில் சம்பளம் வாங்கவில்லையே?

டாலரில் வாங்காததுதான் பிரச்சினை. மேலே சொன்ன 14.99 டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்தது. 1998 செப்டம்பரில் போட்ட அந்தக் கட்டு 2005 ஜூலையில்தான் அவிழ்ந்தது. அந்தக் கணக்கில் மாதம் 57 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 ரிங்கிட் வரை போனது, 1998க்குப் பிறகு அப்படி ஒரு சரிவு இல்லை. அந்த மாதம் அதே 14.99 டாலர் 72 ரிங்கிட். அமெரிக்காவில் ஒரு காசு ஏறவில்லை, இங்கே 15 வெள்ளி, அதாவது 15 ரிங்கிட், ஏறிவிட்டது.

அதே 2024 செப்டம்பருக்குள் ரிங்கிட் தேறி 4.10 பக்கம் வந்தது. டாலரில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் அது உடனே தெரிந்தது. ரிங்கிட்டில் எழுதிவைத்த விலைகளை, ‘உங்கள் பணம் தேறிவிட்டது, இந்தாருங்கள் குறைப்பு’ என்று யாரும் இறக்கி நான் பார்க்கவில்லை. ஏறுவதற்குக் காரணம் சொல்ல நாணயம் வரும், இறங்குவதற்கு வராது.

ரசீதில் 8 விழுக்காடு என்று ஒன்று வருகிறதே, அது கடைக்காரர் போடுவதா?

இல்லை, அது அரசாங்கத்தின் சேவை வரி. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு வரி வந்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8. ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் நம்மிடம் விற்கும் நிறுவனங்கள் பதிந்துகொண்டு வரியை வசூலித்துக் கட்ட வேண்டும். சில தளங்கள் விலையோடு சேர்த்தே காட்டும், சில தளங்கள் கடைசிப் பக்கத்தில் சேர்க்கும். இரண்டு தளங்களை ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் ‘அங்கே 2 வெள்ளி மலிவு’ என்று ஓடிவிடாதீர்கள்.

வங்கியும் தன் பங்குக்கு எடுக்கும். டாலரில் கட்டினால் மாற்று விகிதத்துக்கு மேல் ஒரு சிறு கட்டணம் சேரும். விலை ரிங்கிட்டில் இருந்தாலும் விற்கிறவர் வெளிநாட்டில் பதிந்தவர் என்றால் சில வங்கிகள் அப்போதும் எடுக்கின்றன. கிரெடிட் கார்டு இதற்காக என்றே புதிதாக எடுக்கப்போகிறீர்களா? ஒரு கார்டுக்கு வருடம் 25 ரிங்கிட் சேவை வரி என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நம் சம்பளத்துக்கு இது அதிகமா, குறைவா? மகன் ‘ஒரு கேஎஃப்சி காசுதான்’ என்கிறான்.

அக்கா, இதை நாள் சம்பளத்தில் போட்டுப் பார்ப்போம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். ஒரு நாள் எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். இப்போது 14.99 டாலர் சந்தாவை, டாலர் 4.20 என்று வைத்து மாற்றினால் 63 ரிங்கிட். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிய காசு. 29.99 டாலர் என்றால் 126 ரிங்கிட், பதினைந்தரை மணி நேர வேலை, கிட்டத்தட்ட இரண்டு நாள். அமெரிக்காவில் கூட்டரசு குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர். 2009இலிருந்து அது ஏறவே இல்லை என்று அங்கே குறை சொல்கிறார்கள். அந்தச் சம்பளத்திலும் 29.99 டாலர் நாலு மணி நேர வேலைதான். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

மண்டல விலை இல்லாவிட்டால் நமக்கு என்ன ஆகும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. மலேசிய விலை இருக்கும் சந்தாக்கள் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆனால் அந்த மலேசிய விலையிலும் ஒரு கோணல் இருக்கிறது. விலை போடுகிறவர்களுக்கு மலேசியா என்றால் ஒரே இடம். கோலாலம்பூர் பங்சாரில் ஐயாயிரம், எட்டாயிரம் வாங்குகிறவருக்கும், சுங்கை சிப்புட் தோட்டத்தில் மழை பெய்தால் வேலை குறையும் குடும்பத்துக்கும் ஒரே விலை. நாட்டுக்கு நாடு பார்த்து விலை போடத் தெரிந்தவர்களுக்கு நாட்டுக்குள்ளே இருக்கும் தூரம் கண்ணில் படுவதில்லை. சராசரி வருமானம் ஏறினால் விலை ஏறும். சராசரியை ஏற்றுகிறவர்கள் கோலாலம்பூரில் இருப்பார்கள், ஏறிய விலை நம் கவுண்டருக்கும் வரும். மாணவர் சலுகை, தினச் சந்தா, வாரச் சந்தா என்று சின்னதாக வெட்டிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம். தொலைபேசி நிறுவனங்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. 3 வெள்ளிக்கு ஒரு நாள் டேட்டா விற்றவர்கள் அவர்கள்தானே.

கேஎஃப்சி விஷயம்: அது ஒரு நாள் செலவு. சந்தா மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ளும். மகனிடம் அதை மட்டும் கேளுங்கள்.

வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டு அந்த நாட்டு விலையில் வாங்கலாமா? என் கூட்டாளி செய்கிறான்.

செய்ய முடிவதும் உண்டு, மாட்டிக்கொள்வதும் உண்டு. ஸ்டீமில் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம், அதற்கும் அந்த நாட்டில் பதிந்த கட்டண முறை வேண்டும். விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும் நாட்டிலிருந்து பரிசாக அனுப்புவதும் நடக்காது. பிளேஸ்டேஷனில் கணக்கு திறக்கும்போது தேர்ந்தெடுத்த நாடு அப்படியே நிற்கும். பிறகு அந்த நாட்டுக் கார்டைத் தேடி அலைய வேண்டும். யூடியூப் பிரீமியம் 2024 ஜூனில் இப்படி வேறு நாட்டு விலையில் எடுத்தவர்களின் சந்தாவைக் கூட்டமாக ரத்து செய்தது நினைவிருக்கலாம். கேம் கணக்கில் அப்படி நடந்தால் போவது ஒரு மாதக் காசு மட்டும் இல்லை. பத்து வருடம் வாங்கிச் சேர்த்த கேம்கள் எல்லாம் அதே கணக்கில்தான் இருக்கின்றன.

எனக்கு இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. துருக்கி விலையை வெளியார் மொய்த்ததில் கடைசியில் அடிபட்டது துருக்கிப் பையன். அவனுக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை மாதிரி லிராவில்தான் வீட்டில் வருமானம். பாலம் தாண்டினால் மூன்று மடங்கு மதிப்புள்ள பணம் புழங்கும் சிங்கப்பூர் இருக்கிறது. நாளைக்கு அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மலேசிய விலை தேடிக் கூட்டம் வந்தால் நமக்கும் அதே வைத்தியம்தான் செய்வார்கள். கடையில் இதற்கு ஆள் வந்து உதவி கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை.

டெலிகிராமில் ஒரு வருடக் கேம் பாஸ் 50 வெள்ளிக்கு விற்கிறார்களே?

வேண்டாம். திருடிய கார்டில் வாங்கிய சந்தாக் குறியீட்டு எண்ணாக (கோடு) இருக்கலாம், பத்துப் பேருக்கு விற்ற ஒரே கணக்காக இருக்கலாம், வெறும் ஏமாற்றாகவும் இருக்கலாம். கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் முறையிட்டதும் சந்தா போகும், சில நேரம் உங்கள் கணக்கும் சேர்ந்து போகும். பணம் கட்ட வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ரகசிய டிஏசி எண்ணைக் கேட்டால் அது விற்பனையே இல்லை. பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் 997க்கு அடியுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையம். உங்கள் வங்கிக்கும் அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு.

அப்படியென்றால் சந்தா எடுக்கலாமா, வேண்டாமா?

எடுக்கலாம். விளையாடும் மாதத்துக்கு எடுங்கள்.

நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான். சந்தா எடுத்த அன்றே, கேம் இறங்க ஆரம்பிக்கும்போதே, கணக்குப் பக்கத்துக்குப் போய் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் கட்டிய மாதம் முடியும்வரை விளையாட விடுவார்கள். மாதம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால் மறுபடி கட்டலாம். ஆசை இல்லாவிட்டால் காசு மிச்சம்.

ஒரு சந்தா மாதம் 30 ரிங்கிட் என்று வையுங்கள். வருடம் முழுக்க ஓடினால் 360. ஆண்டு இறுதி விடுமுறையிலும் நடுவில் வரும் ஒரு விடுமுறையிலும் சேர்த்து மூன்று மாதம் மட்டும் எடுத்தால் 90. மீதி 270 ரிங்கிட்டுக்கு ஸ்டீமின் ஜூன் மாதத் தள்ளுபடியிலோ டிசம்பர் தள்ளுபடியிலோ நாலைந்து நல்ல பழைய கேம்கள் சொந்தமாகவே கிடைக்கும். சந்தா நின்றாலும் அவை போகாது. கேம் பாஸில் இருக்கும் கேமோ, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் நீங்கள் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

எஸ்பிஎம் பரீட்சை எழுதும் வருடத்தில் சந்தாவே வேண்டாம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அது வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை. ஆனால் படிக்கும் மாதங்களில் காசு மட்டும் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பையன் தொடவே இல்லை, நிறுத்தவும் இல்லை.

எது உங்கள் வீட்டுக்குச் சரி என்று பார்க்க இன்னொரு கேள்வி உண்டு: பையன் எத்தனை கேம் விளையாடுகிறான்? ஒரே ஃபுட்பால் கேமை வருடம் முழுக்க விளையாடுகிறவனுக்கு நூறு கேம் இருக்கும் சந்தா தண்டச் செலவு. அந்த ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கிக் கொடுத்துவிடலாம். வாரம் ஒரு கேம் தாவுகிறவனுக்குச் சந்தாதான் மலிவு.

விலை ஏறும் முன்பே வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளலாமா?

சில சேவைகளில் முடியும். 2023இல் பிளேஸ்டேஷன் பிளஸ் ஏறியபோது ஏற்கெனவே வருடச் சந்தாவில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் முடியும்வரை பழைய கணக்குதான் ஓடியது. கேம் பாஸிலும் கார்டுகளை வாங்கி மாதங்களை அடுக்கிவைத்தவர்கள் உண்டு.

ஆனால் கையில் உபரிக் காசு இருப்பவருக்கான வழி இது. தீபாவளி முன்பணத்தை எடுத்து மூன்று வருடக் கேம் பாஸ் வாங்க வந்த ஒரு தம்பியைத் திருப்பி அனுப்பினேன். விலை ஏறும் என்ற பயத்திலேயே தேவையில்லாத மாதங்களை வாங்க வைப்பதும் ஒரு வியாபாரம்தான்.

ஒரு சந்தாவை நாலு பேர் பகிரலாமா?

எந்தச் சேவை என்பதைப் பொறுத்தது. நிண்டெண்டோவின் குடும்பச் சந்தாவில் 8 கணக்குகள் வரை சேரலாம். அண்ணன் தம்பி, மாமா பிள்ளைகள் என்று கூடினால் ஆளுக்குச் சில்லறைதான் வரும். கேம் பாஸில் நண்பர்களும் குடும்பமும் சேரும் திட்டம் ஒன்றை 2022இல் அயர்லாந்து, கொலம்பியா போன்ற நாடுகளில் விட்டுப் பார்த்தார்கள். நம் பக்கம் அது வரவில்லை.

ஸ்டீமில் 2024இலிருந்து குடும்ப வசதி இருக்கிறது, 6 பேர் வரை. அதற்குத் தனிக் காசு இல்லை, வாங்கிய கேம்களை ஒருவருக்கொருவர் விளையாடலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கானது அது. ஒருவர் வெளியேறினால் வேறு குடும்பத்தில் சேர, சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆக வேண்டும். இதைவிட முக்கியம்: உங்கள் கேமைத் தம்பி எடுத்து விளையாடி, அதில் சீட் (ஏமாற்று வேலை) போட்டு மாட்டினால் உங்களுக்கும் அந்தக் கேமில் தடை விழும். தம்பியை நம்பலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகன் ‘இது ஃப்ரீ கேம்’ என்றான். ஆனால் கைப்பேசிக் காசு குறைந்துகொண்டே வருகிறதே?

மொபைல் லெஜெண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர், ரோப்லாக்ஸ் எல்லாம் இறக்குவதற்கு இலவசம். உள்ளே டைமண்டு, ரோபக்ஸ், வாரப் பாஸ், மாதப் பாஸ் என்று விற்பார்கள். பெயர்தான் பாஸ், நடப்பது சந்தா. நம் ஊரில் கன்சோல் சந்தாவை விட இதில்தான் கூடுதல் காசு போகிறது என்பது என் அனுபவம். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளியாகப் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

போன மாதம் ஒரு அக்கா கைப்பேசியைக் கவுண்டரில் வைத்து, ‘ரிலோட் போட்ட மறுநாளே காசு காலி’ என்றார். கூகிள் பிளேயைத் திறந்து மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தட்டி, ‘கட்டணங்களும் சந்தாக்களும்’ என்ற இடத்துக்குப் போனோம். மூன்று சந்தாக்கள் ஓடிக்கொண்டிருந்தன, மூன்றும் ப்ரீபெய்டு காசிலிருந்து. ஒன்று மகன் நிறுத்திய கேமுடையது, இன்னொன்று போட்டோவுக்குப் பூனைக்காது ஒட்டும் செயலி. அது அவருடையதுதான், சிரித்துவிட்டார்.

நீங்களும் அதே இடத்தில் பாருங்கள். வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவையுங்கள். தொலைபேசி நிறுவனத்தின் வழியாகக் கட்டும் வசதியை எடுத்துவிட்டால் ரிலோட் காசு பத்திரமாக இருக்கும். பிள்ளை தெரியாமல் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகிள் பிளேயிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிற்காது.

காசே கட்டாமல் நேர்மையாக விளையாட வழி இருக்கிறதா?

நிறைய. எபிக் கேம்ஸ் தளம் 2018 டிசம்பரிலிருந்து இலவசக் கேம் கொடுத்துவருகிறது. இப்போது வாரம் ஒன்றாவது வரும், நம் நேரப்படி வியாழன் இரவு 11 அல்லது 12 மணிக்கு மாறும். அந்த வாரத்தில் எடுத்துக்கொண்டால் கணக்கில் நிலைத்துவிடும். பிசியில் ஆன்லைனில் கூட்டாளிகளோடு விளையாட கன்சோல் மாதிரித் தனிச் சந்தா கட்டத் தேவையில்லை. கன்சோலிலும் ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேம்களுக்குச் சந்தா வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் அந்தக் கட்டாயத்தை 2021 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டது. ஃபோர்ட்நைட்டுக்காக மட்டும் பிளேஸ்டேஷன் பிளஸ் கட்டுகிறவர் யாராவது இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஸ்டீமில் வாங்கிப் பிடிக்காமல் போனால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். இதைத் தெரியாமல் வருத்தப்படுகிறவர்கள் அதிகம். ஒரு கேமின் விலை மற்ற நாடுகளில் எவ்வளவு, இதற்கு முன் எவ்வளவு வரை இறங்கியது என்பதை ஸ்டீம்டிபி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தோட்டத்தில் லைன் சரியில்லை. சந்தா எடுத்தாலும் கேம் இறங்க மாட்டேன் என்கிறதே?

விலைப் பட்டியலில் வராத செலவு இது. பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. ஃபைபர் வராத லயத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இறக்கினால் ஒரு கேமுக்கே சந்தாவில் பல நாள் போய்விடும், டேட்டாவும் தீர்ந்துவிடும். மாதச் சந்தாவில் ஒரு வாரம் இறக்குவதற்கே போனால் நகரத்துப் பையனைவிட நீங்கள்தான் கூடுதல் விலை கட்டுகிறீர்கள். இறக்காமலே ஓடவிடும் கிளவுட் வசதியும் இதற்கு மருந்தாகவில்லை. நம் நாட்டில் பிளேஸ்டேஷன் பிளஸின் உச்ச ரகம் பிரீமியம் என்று வராமல் டீலக்ஸ் என்று வந்ததே அந்த வசதி இல்லாததால்தான்.

சந்தா எடுக்கும் முன் கேமின் அளவைப் பாருங்கள். டவுனில் இருக்கும் உறவினர் வீட்டிலோ, சிசி எனப்படும் இணைய மையத்திலோ லேப்டாப்பைக் கொண்டுபோய் இறக்குகிறவர்கள் உண்டு. சிசிக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மணிக் காசு மட்டும் கட்டிவிட்டு எல்லார் வேகத்தையும் உறிஞ்சினால் அவருக்குக் கோபம் வரும்.

திடீரென்று விலையை ஏற்றுவது சட்டப்படி சரியா? புகார் கொடுக்க முடியுமா?

ஏற்றுவதை மட்டும் வைத்துப் புகார் கொடுத்துப் பயனில்லை. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு ஏற்றலாம் என்று நாம் படிக்காமல் ‘சம்மதம்’ தட்டிய பக்கத்திலேயே இருக்கும். நாட்டுச் சட்டம் கடுமையாக இருந்தால் நிலைமை வேறு. 2025 அக்டோபரில் ஜெர்மனி, தென் கொரியா, போலந்து போன்ற சில நாடுகளில் பழைய சந்தாதாரர்களுக்குப் பழைய விலையே தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. அந்த ஊர்ச் சட்டம் அப்படி.

உள்ளூரில் கார்டு விற்றவர் வேலை செய்யாத கோடைக் கொடுத்துவிட்டுப் பணம் தர மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை எடுப்பார்கள், வக்கீல் தேவையில்லை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்பாவின் டெபிட் கார்டைக் கணக்கில் சேர்த்துவிடலாமா அண்ணே?

சேர்க்க வேண்டாம். சம்பளம் வரும் அதே கார்டைக் கேம் கணக்கில் ஏற்றினால், புதுப்பிக்கும் நாள் வரும்போது கரண்டு பில்லுக்கு வைத்த காசு போகும். விலை ஏறியிருந்தால் ஏறிய விலையில் போகும், அப்பாவுக்கு மின்னஞ்சலும் வராது, ஏனென்றால் மின்னஞ்சல் உன்னுடையது.

ப்ரீபெய்டு கார்டு வாங்கிப் போடு. கடையிலும் 7-லெவனிலும் கிடைக்கும், இ-வாலட்டிலும் வாங்கலாம். 50 வெள்ளி போட்டால் 50 வெள்ளிதான் போகும், அதற்கு மேல் எடுக்க அவர்களிடம் கார்டு இருக்காது. வாங்கும்போது கார்டில் எந்த நாடு என்று போட்டிருக்கிறது என்பதைப் பார். அமெரிக்கக் கார்டை மலேசியக் கணக்கில் போட முடியாது, சுரண்டிவிட்டால் நாங்களும் திருப்பி எடுக்க மாட்டோம்.